ஐஸ் பெட்டியும் என் பேட்டரியும்

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்த வாரத்தில், கருங்கல் என்ற ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சாவு வீட்டில் நடந்தது இது. சாவு வீட்டில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் என் கணவரும் நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் தொழில் செய்கிறோம். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ‘லைவ்’ என்று ஒரே பெயர்தான். கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு, ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் லைவ் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருக்கும் மாவட்டம் இது. பந்தல்காரருக்குச் சொல்லும்போதே எங்களுக்கும் சொல்லிவிடுவார்கள்.

கேமரா என் கணவர் கையில். கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸும் என் பொறுப்பு. யூபிஎஸ் என்றால் ஆபீஸ் மேஜைக்கு அடியில் கிடக்குமே, அந்தச் சின்னப் பெட்டி இல்லை. வீடுகளில் வைக்கும் பெரிய இன்வெர்ட்டர், அதன் கீழே தனியாளாகத் தூக்க முடியாத கனத்தில் ஒரு பேட்டரி. இரண்டையும் கேஸ் சிலிண்டர் தள்ளுகிற வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டி, போகிற இடமெல்லாம் தள்ளிக்கொண்டு போவேன். மின்சாரம் போனாலும் லைவ் போகக்கூடாது. அதுதான் எங்கள் பிழைப்பு.

அந்த பேட்டரியை நான் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பெரிய கேலியே உண்டு. நிகழ்ச்சி முடிந்து வந்தால் சாப்பிட உட்காருவதற்கு முன் அதற்குச் சார்ஜ் போட்டுவிடுவேன். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரோடு யாராவது பக்கத்தில் வந்தால் கொலை விழும். வயர் மாட்டும் முனைகளில் பச்சை பூத்துவிடாமல் துடைத்து வாசலின் தடவி வைப்பேன். “எனக்குக் குதிங்கால் வெடிச்சுக் கெடக்கு, அதுக்கு வாசலின் கேட்டா கிடையாது” என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார்.

அடுத்தது, யூபிஎஸ் பிளக் போர்டு. அதைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்டி, ‘தொடக்கூடாது’ என்று எழுதி வைத்திருப்பேன். யார் படிக்கிறார்கள்? போன் சார்ஜரைச் சொருகுவார்கள், டீ கெட்டிலைச் சொருகுவார்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்த அம்மணி ஹேர் டிரையரைச் சொருகிவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் லைவ் அணைந்து, பெண்ணின் சித்தப்பா துபாயில் இருந்துகொண்டு, கட்டி முடிந்த தாலியைத்தான் பார்த்தார், கட்டுகிறதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அந்த மண்டபத்தில் இன்றும் என்னைக் கண்டால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். நான் கொஞ்சம் முசுடுதான். மறைக்கவில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முந்தின நாள் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம் எடுத்தோம். காற்றிலும் மழையிலும் கரண்ட் போய்ப் போய் வந்தது. பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சார்ஜ் போடலாம் என்றால் எங்கள் ஊரிலும் மரம் சாய்ந்து லைன் அறுந்து கிடக்கிறது. போதாததற்கு என் பேட்டரிக்கு வயதாகியிருந்தது. உள்ளே ஒரு செல் பலவீனம் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் சீசன் முடியட்டும், புதிது வாங்கலாம் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தேன்.

காலையில் அந்தச் சாவு வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் என் கணவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வருகிறோம் என்று சொல்லிவிட்டார். பேட்டரி இருக்கிற இருப்பில் எங்கும் போக முடியாது என்று நான் குதித்தேன். அவர் அமைதியாகக் கேமரா பையை எடுத்துக்கொண்டே, “கல்யாணத்தெ நாளைக்கு வச்சுக்கோங்கன்னாவது சொல்லலாம். சாவு வீட்டுல என்னன்னு சொல்லுவ?” என்றார். அதற்கு மேல் என்ன பேச? அங்கே வாடகை ஜெனரேட்டர் ஓடுகிறது என்றும் சொன்னார்கள். அப்படியானால் யூபிஎஸ் சும்மா துணைக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன்.

இறந்துபோனவர் அறுபது தாண்டிய ஒரு அம்மா. அண்டி ஆபீஸில் வேலை செய்தவர். முந்திரிக் கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். அவருடைய கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு மகள், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு மகன், வளைகுடாவில். அந்த மகன் சமீபத்தில்தான் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறியிருக்கிறார். பேப்பர் வேலை முடியவில்லை. அது முடியாமல் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாது. எப்படியாவது வந்துவிடுவார் என்று அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். கடைசியில் அந்த மகனே, இனிமேல் வைக்க வேண்டாம், அடக்கம் பண்ணிவிடுங்கள், நான் லைவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாராம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆடாமல் காட்ட வேண்டும். மகள் இதை எங்களிடம் பாதி வரைதான் சொன்னாள். மீதியை அவள் கணவர் சொன்னார்.

ஏன், போனிலேயே காட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தப் பகுதியில் இரண்டு நாளாக டவர் கிடையாது; காலையில் எங்களைக் கூப்பிட்டதும் இணையம் வழியாகத்தான். கேபிள்காரரின் கம்பி வழி வருகிற இணையம் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. அந்த வீட்டு மோடம்தான் மகனுக்கும் வீட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பு. ஜெனரேட்டர் ஓடினாலும் அதில் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால், மோடத்தையும் கம்ப்யூட்டரையும் என் யூபிஎஸ்ஸில்தான் போட்டேன். கூடத்து ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரே கண்ணாடி மூடிக்குள் அந்த அம்மா.

லைவ் தொடங்கியதும் திரையின் ஓரத்தில் பார்ப்பவர்கள் எழுதுவது வரத் தொடங்கியது. அங்கங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் கைகூப்பும் படங்களைப் போட்டார்கள். மகன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய அறைத் தோழர் ஒருவர் எழுதினார்.

போதகர் வந்து ஜெபத்தைத் தொடங்கப் போகிற நேரம், வெளியே ஜெனரேட்டர் இருமியது. இரண்டு மூன்று தடவை திணறி நின்றே போனது. எண்ணெயில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதாம். பந்தல் விளக்குகள் அணைந்தன. என் யூபிஎஸ் ‘டக்’ என்ற சின்னச் சத்தத்தோடு பொறுப்பை ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டர் கண் சிமிட்டவில்லை. அந்த வேளையிலும் எனக்கு ஒரு பெருமை வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பேட்டரியைப் பற்றிய பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. ஜெனரேட்டர்காரர் மழையில் நனைந்துகொண்டு அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போதைக்கு ஓடாது என்று அவர் முகமே சொன்னது.

நான் என் கணவரிடம் ஒரு கேமரா போதும், இன்னொன்றை அணைத்துவிடுங்கள் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது யூபிஎஸ் ஒரே நீளமாகக் கத்தியது. அடுத்த நொடி எல்லாம் செத்துப்போனது. கம்ப்யூட்டர், மோடம், எல்லாம்.

எனக்குப் பார்க்காமலேயே தெரியும். யாரோ எதையோ சொருகியிருக்கிறார்கள். சட்டென்று குனிந்தேன். என் சிவப்பு டேப் போர்டில் எனக்குச் சொந்தமில்லாத ஒரு கறுப்பு வயர். அது கூடத்தின் நடுவே போய் ஐஸ் பெட்டியில் முடிந்தது. ஐஸ் பெட்டியின் மோட்டார் சாதாரணமாக இழுப்பதே அதிகம். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். என் யூபிஎஸ் அதைத் தாங்காது. வாயில் தயாராக இருந்த வசவோடு நிமிர்ந்தேன்.

ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றது அந்த மகள்.

“அம்மைக்கு வேர்க்குது அக்கா” என்றாள்.

நான் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். ஜெனரேட்டர் போய்க் குளிர் நின்றதும் கண்ணாடியில் நீர் கோத்து, துளித் துளியாக அந்த முகத்துக்கு நேரே வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்த அம்மாவுக்கு வேர்ப்பது போலவேதான் இருந்தது. வாயில் வைத்திருந்த வசவை விழுங்கிவிட்டேன்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். பேட்டரியால் இரண்டில் ஒன்றுக்குக்கூட ஒழுங்காகக் கரண்ட் கொடுக்க முடியுமா தெரியாது, இரண்டுக்கும் கட்டாயம் முடியாது என்றேன். இறந்தவரின் அண்ணன், பெரியவர், லைவ் கிடக்கட்டும் என்றார். வேறு எங்காவது இன்வெர்ட்டர் தேடிப் பெட்டிக்குக் கொடுக்கப் பார்ப்போம், எல்லாவற்றையும் கேமராவில் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு பையனுக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது உடம்பு இல்லை, தங்கச்சி. இரண்டு நாள் பொத்திப் பொத்தி வைத்த தங்கச்சியைக் கடைசி நேரத்தில் இப்படி விடுவதா என்று அவர் தவித்தார். அங்கே நின்ற பலருக்கும் அதுவே சரியாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அப்பா எழுந்து வந்தார். முதலில் மகளிடம் போனார். அவள் கையை ஸ்விட்சிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, “நீ செஞ்சது தப்பில்ல மக்ளே” என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

“அவ தாங்குவா மச்சான். ரெண்டு நாளு தாங்குனவளுக்கு இன்னும் ஒரு மணிக்கூறு தாங்காதா? அவனுக்குத்தான் தாங்காது. உள்ள கரண்டெ அவனுக்குக் குடுங்க.”

சத்தம் உயராமல், எதிரில் நிற்பவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே குனிந்து ஐஸ் பெட்டியின் வயரை என் போர்டிலிருந்து உருவினார். அந்த வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அண்ணன்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் யூபிஎஸ்ஸை அணைத்து மறுபடி போட்டேன். வந்தது. மோடத்தின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதற்குள் எனக்கு ஆயிரம் வயது கூடியது. கம்ப்யூட்டர் எழுந்து, லைவ் அதே லிங்கில் ஒட்டிக்கொண்டது. திரை ஓரத்தில் பார்த்தால் மகன் எழுதியிருந்தார். லைவ் அறுந்துபோன நேரத்தில் எழுதியது. தெரியவில்லை என்பதற்கு எங்கள் பக்கம் சொல்லும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். ‘காணல.’ கீழே மறுபடியும் ‘காணல.’ அதற்குக் கீழேயும் அதே. அங்கே ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, சுற்றிச் சுற்றி வருகிற அந்த வட்டத்தைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார்.

அப்போது யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. இந்தக் கத்தல் வேறு. ‘என்னிடம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது’ என்று அர்த்தம். நல்ல பேட்டரியாக இருந்தால் அதற்குப் பிறகும் கொஞ்சம் இழுக்கும். என் பேட்டரியை எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டி மோட்டார் ஒரே இழுப்பில் அதன் மூச்சை வாங்கிவிட்டது. பலவீனமான அந்தச் செல் எப்போது வேண்டுமானாலும் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும்.

மனைவியையே ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டை என் கையில் தந்த அந்த மனிதரிடம், இது போதாது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்கவும் முடியாது. அருகே போய், “அப்பா, நீங்க குடுத்தாலும் இது ரொம்ப நேரம் நிக்காது” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்ன செய்யலாம் மக்ளே என்று கேட்பது போல ஒரு பார்வை.

பின்னால் ஒரு குரல். பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் தேங்காப்பட்டணத்திலிருந்து இங்கே வீடு கட்டி வந்த முஸ்லிம் குடும்பம். சாவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக்கூடாது என்பதால் அந்த இரண்டு நாளும் எல்லாருக்கும் பால் சேர்க்காத கட்டன் சாயா வைத்துக்கொண்டு வந்தது அவர்தான். சாயாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எங்க வீட்டு இன்வெர்ட்டர்ல ஒரு பேட்டரி கெடக்கு, அது இதுக்குச் சேருமா?” என்று என்னிடம் கேட்டார். அதே அளவா என்று கேட்டேன். இதே தடிமன்தான் என்று கையால் காட்டினார். போய்ப் பார்ப்போம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வாழைத்தோட்டத்து வரப்பில் வழுக்கிக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன். அவர் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியைப் பார்த்ததும் நான் ஒரு நொடி நின்றுவிட்டேன். தூசி கிடையாது. முனைகளில் பச்சை கிடையாது, வாசலின் பளபளக்கிறது. தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவைகள் எல்லாம் தலை நிமிர்ந்து நிற்கின்றன. பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன். எனக்கு ஒரு கூடப்பிறந்தவளைக் கண்டுபிடித்தது போல இருந்தது. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அவரேதானாம். அவர் கணவரும் வளைகுடாவில்தான். மாதாமாதம் போனில், தண்ணீர் ஊற்றினாயா என்று பேட்டரியைத்தான் முதலில் விசாரிப்பாராம், பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் அதற்கு அப்புறம்தானாம். சொல்லும்போது அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தார்.

இதைக் கழற்றினால் உங்கள் வீடு இருட்டாகிவிடுமே அக்கா என்றேன். உள் அறையில் அவருடைய மருமகள் கைக்குழந்தையோடு இருந்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, தன் கணவரின் அப்பா இறந்ததைச் சொன்னார்.

“எங்க மாமா மவுத்தானப்ப இவிய அங்க இருந்தாவ. மண்ணுக்குப் போன பொறவுதான் தகவலே போச்சு. வாப்பா மொகத்தெ காணலியேன்னு இண்ணைக்கும் சொல்லுவாவ. நீ கழத்து பிள்ளே.”

கழற்றினேன். சவப்பெட்டி தூக்க வந்திருந்த ஆட்களில் இருவர் வந்து பேட்டரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பேட்டரி நனையக்கூடாதே என்று அந்த அக்கா தன் குடையை அதன் மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பேட்டரிக்குக் குடை, அவருக்கு மழை. தலையில் போட்டிருந்த துணி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்.

இனி என் வேலை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் இடையில் எல்லாம் அணைந்துவிடும். கம்ப்யூட்டரும் மோடமும் மறுபடி எழுந்து வர நேரம் பிடிக்கும். அந்த மகனை இன்னொரு தடவை ‘காணல’ என்று எழுத வைக்க எனக்கு மனம் இல்லை. அதனால் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, அப்புறம் பழையதை உருவ வேண்டும். அமரர் ஊர்தி ஓட்டி வந்தவரிடம், வண்டி கிளம்பாவிட்டால் இன்னொரு வண்டியிலிருந்து உயிர் கொடுக்கிற தடித்த வயர் இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன். கூட்டல் முனைக்குக் கூட்டல், கழித்தல் முனைக்குக் கழித்தல். மாறிப் போனால் யூபிஎஸ்ஸே எரிந்துவிடும். பகல் வெளிச்சம் போதாமல் யாரோ டார்ச் பிடித்தார்கள். வயர்களின் நிறத்தை ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன்.

போதகர் நிலைமையைப் புரிந்துகொண்டார். அவசரப்படாமல் ஒரு பாட்டைத் தொடங்கினார். பெண்கள் எடுத்துப் பாடினார்கள். யூபிஎஸ் கத்துவதும் பாட்டும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி வயரை வைக்கும்போது ஒரு பொறி பறந்தது. கையை எடுக்காமல் அழுத்தினேன். கத்தல் நின்றது. பழையதை உருவி எடுத்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாடிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் அந்த அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

ஜெபம் முடிந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து அந்த அம்மாவைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். மகள் வந்து ஒரு வெள்ளைத் துணியால் முகத்தை ஒற்றி எடுத்தாள். ஒருவர் பின் ஒருவராக முத்தம் கொடுத்துவிட்டு விலகினார்கள். கடைசியாக அப்பா வந்து தலைமாட்டில் குனிந்து நின்றார். அந்த இடத்தை விட்டு அவரை நகரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. என் கணவர் கேமராவோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கோணம் தேடிக்கொண்டிருந்தார். என் திரையில் தெரிந்ததெல்லாம் அந்த அப்பாவின் முதுகுதான். முகம் தெரியவில்லை. மகன் கேட்டது அந்த முகத்தை.

அவர் திரும்பிப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் கேட்டார்.

“நான் மறைக்கனா மக்ளே?”

அப்பா ஒரு தடவை மனைவியின் நெற்றியைத் தொட்டார். பிறகு தலைமாட்டிலிருந்து விலகி, சுற்றி வந்து, கால்மாட்டில் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றால் அவருக்கு மனைவியின் முகம் சரியாகத் தெரியாது. பெட்டியில் நிறைத்திருந்த பூதான் தெரியும். திரையில் அந்த அம்மாவின் முகம் நிறைந்தது. கண்ணாடி இல்லை, நீர்த்துளி இல்லை. தூங்குகிற முகம். என் கணவர் கேமராவை நெஞ்சோடு அணைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். படம் இம்மியும் ஆடவில்லை.

போதகர் காத்திருந்தார். எல்லாருமே காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திரை ஓரத்தில் மகனின் பெயர் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரே வார்த்தை.

நான் எழுந்து கால்மாட்டுக்குப் போய் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்: “‘காணுது’ன்னு எழுதியிருக்காரு அப்பா.”

அவர் “செரி” என்றார். பிறகு போதகரைப் பார்த்து, மூடலாம் என்று கை காட்டினார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகு அந்த அக்காவின் பேட்டரியை அவர் வீட்டில் மாட்டிக்கொடுத்தேன். முனைகளைத் துடைத்து, அவர் டப்பாவிலிருந்த வாசலினையே எடுத்துத் தடவினேன். அன்றைக்கு என் மேல் கோபப்பட அவருக்கு எவ்வளவோ காரணம் இருந்தது. அரை உயிர் பேட்டரியோடு வேலைக்கு வந்தவள் நான். அவரோ எனக்கு ஒரு தம்ளர் சாயா கொடுத்து, நீ ஒன்றும் சாப்பிடவில்லையே என்றுதான் கேட்டார். மறு வாரமே புதுப் பேட்டரி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கணவர் சொல்லிவிடுவார்.

அதன் பிறகு எத்தனையோ அடக்கங்களுக்குப் போய்விட்டேன். எவ்வளவோ அழுகையைத் திரையில் பார்த்தாயிற்று. தொழில் என்று பழகியும் போயிற்று. ஆனால் யாராவது பெரும் துக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரப்பர் பால் வெட்டுகிறவர் நினைவுக்கு வருகிறார். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளைக் கடைசியாகப் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு, தூரத்தில் இருக்கிற ஒருவனுக்கு நாம் மறைக்கிறோமா என்று யோசித்து விலகி நிற்க ஒரு மனிதரால் முடியும் என்பதை என் கண்ணால் கண்டவள் நான்; அன்பு என்று யார் சொன்னாலும் இப்போது எனக்குத் தெரிவது, கால்மாட்டுக்கு நடந்து போன அந்தச் சில அடிகள்தான்.